18 அங்குலம்

கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. அதன் மேல் பழைய வாரப் பத்திரிகைகளின் அடுக்கு. பக்கத்தில் தையல்காரர் டேப்புடன் 65 வயது மகன். எதிரே 85 வயதுத் தாய்.

"உட்காருங்கள் மாஜி. இப்போது எழுந்திருங்கள்."

மாஜி எழுந்தார். அடுக்கில் இன்னும் சில பத்திரிகைகள் சேர்ந்தன. மறுபடி உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். 16 அங்குல உயரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, மூன்றாவது முயற்சியில்தான் எழ முடிந்தது. 17-ல் இரண்டாவது முயற்சி. 18-ல் ஒரே மூச்சு. 19-ல் இன்னும் சுலபம், ஆனால் உட்கார்ந்தபோது குதிகால் தரையைத் தொடவில்லை. "பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி கால் தொங்குகிறது" என்றார் மாஜி. மகன் காலண்டர் தாளின் பின்பக்கம் 18 என்று எழுதி, சுற்றி வட்டம் போட்டார்.

இது 2024 ஜனவரியில், மேற்கு தில்லி ஜனக்புரியில், டிடிஏ கட்டிய ஒரு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் நடந்தது. ஒரு சோபா வாங்குவதற்கு இப்படி ஒரு பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். அதற்கு முந்தைய தீபாவளிக்குப் போக வேண்டும்.

2023 தீபாவளியன்று மாலை இனிப்புப் பெட்டிகளுடன் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். மாஜியை மரியாதையாகப் பெரிய சோபாவில் உட்காரவைத்தார்கள். பழுப்பு ரெக்ஸின் போட்ட, யானைக்குட்டி போன்ற சோபா. கால் நூற்றாண்டு உழைத்ததில் அதன் நடுப்பகுதி குழிந்து கிடந்தது. அரை மணி கழித்து விருந்தினர்கள் விடைபெற எழுந்தபோது மாஜியும் எழ முயன்றார். முடியவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தார். கடைசியில் மருமகள் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு பக்கமும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மாஜியும் சிரித்தார்.

மறுநாள் முதல் அவர் வரவேற்பறைக்கு வரவில்லை. ஒரு நாள் பூஜை, ஒரு நாள் கண் கூச்சம், ஒரு நாள் குளிர். டீ அவருடைய அறைக்கே போயிற்று. சமையலறையில் ஒரு மூங்கில் மோடாவில் அவ்வப்போது உட்கார்ந்து பட்டாணி உரித்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான மருமகள்தான் முதலில் கவனித்தார். மாஜிக்காகத் தினமும் எட்டரை மணிக்குப் போடும் தொலைக்காட்சித் தொடர் மூன்று வாரமாகக் காலி அறையில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை.

மூட்டு தேய்ந்தவர்களுக்குத் தாழ்ந்த இருக்கை ஏன் ஆகாது என்பதற்குப் பெரிய மருத்துவ அறிவு வேண்டாம். இருக்கை தாழத் தாழ முழங்கால் இடுப்பைவிட மேலே போகிறது. எழும்போது உடலின் மொத்த எடையும் மடங்கிய முழங்கால் வழியாகத்தான் மேலே வர வேண்டும். தொடைத் தசை தளர்ந்த முதியவருக்கு இரண்டு அங்குலம் என்பது மலையேற்றம். இருக்கை மெத்தென்று புதையுமானால் கை ஊன்றவும் இடமில்லை. சோபாக்களைப் பொறுத்தவரை சுகமும் சுதந்திரமும் ஒன்றல்ல.

சோபாவை மாற்றுவது என்று முடிவானது. புனேயில் வேலை பார்க்கும் பேத்தி செய்தியறிந்து கைபேசிக்குப் படங்கள் அனுப்பத் தொடங்கினாள். குச்சிக் கால்கள், மெல்லிய மரச் சட்டம், கழற்றி எடுக்கும் மெத்தைகள். 'மிட்-செஞ்சுரி' பாணியாம். நீளம், மரம், துணி, கால்களின் வடிவம் எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்துச் சொன்னால் செய்து தருவார்களாம். விலை 1,38,000 ரூபாய்.

மகன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மாஜியின் அறைக்குப் போய்க் காட்டினார். மாஜி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நம்ம சோபா ஆயிற்றே. யாரிடம் இருக்கிறது?"

மகன் பதில் சொல்லவில்லை. அது யாரிடமும் இல்லை. அவர்தான் அதை 1997-ல் கபாடிவாலாவிடம் 350 ரூபாய்க்குக் கொடுத்தவர்.

அந்தச் சோபா 1964-ல் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பின் வராந்தாவில் பிறந்தது. பாபுஜி அப்போது மத்திய அமைச்சகம் ஒன்றில் குமாஸ்தா. புதிய குடியிருப்பு, பெரிய ஜன்னல், உள்ளே ஒரு கட்டிலும் இரண்டு டிரங்குப் பெட்டியும் தவிர வேறொன்றும் இல்லை. அலுவலகத்தில் ஒரு மேலதிகாரியின் அறையில் பார்த்த சோபாவை நினைவிலிருந்து பழைய கோப்பு அட்டையின் பின்னால் வரைந்து, ஒரு தச்சரைக் கூட்டிவந்து வராந்தாவில் உட்காரவைத்தார். தேக்குச் சட்டம். கீழே போகப்போக மெலியும் கால்கள். முதுகுக்கு நெட்டுக் கம்புகள். இருக்கைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நாடா. மேலே இலவம்பஞ்சு மெத்தை, அதற்குக் காதி பண்டாரில் வாங்கிய பச்சைத் துணி உறை. மாதச் சம்பளத்தைவிட அதிகம் ஆயிற்று. தச்சருக்கு மூன்று தவணையில் கொடுத்துத் தீர்த்ததாக மாஜிக்கு நினைவு.

பாபுஜிக்கு மிட்-செஞ்சுரி என்ற வார்த்தை தெரிந்திருக்க வழியில்லை. அப்படி ஒரு பெயரே அன்று புழக்கத்தில் இல்லை. அமெரிக்காவில் காரா கிரீன்பர்க் என்ற எழுத்தாளர் 1950-களின் மரச் சாமான்களைப் பற்றி 1984-ல் எழுதிய புத்தகத்துக்கு அந்தத் தலைப்பு வைத்த பிறகுதான் அது பரவியது. ஆனால் பெயர் வருவதற்கு முன்பே பொருள் இந்தியாவுக்கு வந்துவிட்டது. வந்த வழிகளில் முக்கியமானது சண்டீகர். 1951-ல் லெ கொர்பூசியேயுடன் வந்த அவரது உறவினர் பியர் ஜான்னரே, 1965 வரை இங்கேயே தங்கி அந்த நகரத்தைக் கட்டினார். கட்டிய அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நாற்காலி, மேஜை, பெஞ்சு எல்லாம் வேண்டியிருந்தன. உள்ளூர்த் தச்சர்களை வைத்துத் தேக்கிலும் பிரம்பிலும் செய்தார்கள். தலைகீழான V வடிவக் கால்கள் கொண்ட அந்த நாற்காலியில் உட்காராத சண்டீகர் குமாஸ்தா இருந்திருக்க மாட்டார். 1958-ல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதி இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் சொம்பைப் பற்றி. அதன் விளைவாக 1961-ல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது. புதிய குடியரசு எதில் உட்கார வேண்டும் என்பதில்கூட அக்கறை காட்டிய காலம் அது.

பிறகு நடந்தது எல்லோரும் அறிந்ததுதான். சண்டீகர் அலுவலகங்களில் பிரம்பு கிழிந்தது, கால் ஆடியது, ஸ்டீல் நாற்காலிகள் வந்தன. பழையவை மொட்டை மாடிகளில் வெயிலிலும் மழையிலும் குவிந்தன. கழிக்கப்பட்ட சாமான் என்று துறைகள் ஏலம் விட்டன. வாங்கியவர்களில் வெளிநாட்டு வியாபாரிகளும் இருந்தார்கள். பழுதுபார்த்து மெருகேற்றிய அதே நாற்காலிகள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கில் ஏலம் போகும் செய்தி வந்த பிறகு சண்டீகர் விழித்துக்கொண்டது. அவற்றை விற்கவோ கழிக்கவோ கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2011-ல் உத்தரவு போட்டது.

ஆகவே 1997-ல் ஜனக்புரியில் நடந்த தவறு தனிமனிதத் தவறு அல்ல, ஒரு நாடே சேர்ந்து செய்தது என்று மகன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள இடமுண்டு. அவர் சமாதானமாகவில்லை. பாபுஜி காலமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஐந்தாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை கைக்கு வந்த நேரம். சக ஊழியர்கள் வீட்டில் எல்லாம் குண்டு குண்டான ரெக்ஸின் சோபாக்கள் வந்துவிட்டன. குச்சிக்கால் சோபா அரசாங்கக் குவார்ட்டர்ஸின் வறுமையை நினைவூட்டியது. கபாடிவாலா சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உடனே பணத்தை எண்ணிக் கொடுத்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய டிசம்பரில்தான், 1996-ல், காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்து உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. நாடெங்கும் மரக்கடைக்காரர்கள் கலங்கிக்கொண்டிருந்த வேளையில் நன்றாக உலர்ந்த முப்பது வருடத் தேக்கு படியிறங்கிப் போனது. மாஜி அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை.

மகனும் மருமகளும் மெட்ரோ ஏறி கீர்த்தி நகர் போனார்கள். தில்லியில் மரச் சாமான் என்றால் கீர்த்தி நகர். சாலையோரம் கண்ணாடிக் கடைகள், பின்னால் சந்துகளில் மரக்கிடங்குகள், பட்டறைகள், பாலிஷ் வாடை. முதல் கடையில் குளிர்சாதனம் இருந்தது, டை கட்டிய இளைஞர் இருந்தார். மிட்-செஞ்சுரி என்றதும் நேராக ஒரு சோபாவிடம் அழைத்துப் போனார். கடுகு மஞ்சள் துணி, பித்தளைப் பூண் போட்ட கால்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மகன் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். இருக்கை உயரம் பதினைந்தரை அங்குலம். ஆழம் 24.

"உயரம் கூட்ட முடியுமா?"

"துணி 40 நிறத்தில் கிடைக்கும் சார். கால் நான்கு டிசைன். உயரம் மட்டும் மாறாது. இது சர்வதேச அளவு."

விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று கடைகள் சொல்வதன் பொருள் இதுதான். கண்ணில் படும் எல்லாவற்றையும் மாற்றலாம், உடம்பில் படுவதை மாற்ற முடியாது. மருமகள் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். 'ஷீஷம் ஃபினிஷ்' என்று எழுதியிருந்தது. ஷீஷம் என்றால் மரம். ஷீஷம் ஃபினிஷ் என்றால் ஷீஷத்தின் நிறம் பூசிய வேறு ஏதோ. பள்ளியில் முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவர் கண்ணிலிருந்து அந்த ஒரு சொல் தப்பவில்லை.

இன்னும் நான்கு கடைகள். எங்கும் 15 முதல் 17 அங்குலத்துக்குள். ஓரிடத்தில் கைப்பிடியே கிடையாது. இன்னோரிடத்தில் கைப்பிடி முன்பக்கம் வரை வராமல் பாதியில் வளைந்து கீழே போயிற்று. அழகான வளைவு. மாஜி எழும்போது கை ஊன்றுவது சரியாக அந்த இல்லாத பாதியில்தான். 1950-களில் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் இந்த வடிவங்களை வரைந்தவர்கள் நெடிய மனிதர்களுக்காக, காலை நீட்டிச் சாய்ந்து உட்காரும் ஒரு புதிய தலைமுறைக்காக வரைந்தார்கள். அவர்களை நொந்து பயனில்லை.

கடைசியில் சந்துக்குள் ஒரு பட்டறை. மிஸ்திரி சஹாரன்பூர்க்காரர், அறுபதை ஒட்டிய வயது. மூன்று தலைமுறையாகத் தச்சு. மகன் பேத்தி அனுப்பிய படத்தைக் காட்டி, "இதுதான், ஆனால் இருக்கை 18 அங்குலம்" என்றார்.

மிஸ்திரி படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "கால் நீண்டால் கொக்கு மாதிரி நிற்கும் பாய்சாப். நான் செய்ய மாட்டேன்."

இது விலை ஏற்றுவதற்கான தந்திரம் என்று மகன் நினைத்தார். அப்படியல்ல. மிஸ்திரி ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் கணக்குப் போட்டுக் காட்டினார். வழக்கமான அளவு, கால் 8, சட்டம் 3, மெத்தை 5, ஆக 16. தவிர, உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும். உட்கார்ந்த பிறகு 18 வேண்டுமானால் உட்காருமுன் 19 இருக்க வேண்டும். கூடுதலாக வேண்டிய 3 அங்குலத்தையும் காலிலேயே ஏற்றினால் கொக்கு. காலுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று, மெத்தைக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. 9, 4, 6. மகன் அந்தப் பலகைத் துண்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மெத்தைதான் ஏமாற்றுக்கு வசதியான இடம். ஃபோமைக் கையால் அமுக்கிப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது, புதிது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அடர்த்தி எண்ணைக் கேட்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 40 என்றால் தினசரி உபயோகத்தைத் தாங்கும். 32 கொஞ்சம் லேசு, முதுகுக்குப் போதும். அதற்கும் கீழே போனால் இரண்டு வருடத்தில் ரெக்ஸின் யானையின் கதைதான். அடியில் 4 அங்குலம் 40, மேலே 2 அங்குலம் 32 என்று தீர்மானமாயிற்று. மிஸ்திரி இரண்டிலும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். வீட்டில் பலகை மேல் வைத்து மாஜியை உட்காரவைத்துப் பார்த்தார்கள். 48 கிலோ மாஜிக்குச் சரியாக ஓர் அங்குலம் அமுங்கியது. மகன் உட்கார்ந்தபோது எவ்வளவு அமுங்கியது என்பது பதிவு செய்யப்படவில்லை.

மரத்தில் அதிகம் யோசிக்கவில்லை. பர்மா தேக்கு என்று சொல்லி ஆப்பிரிக்கத் தேக்கு கொடுப்பவர்கள் உண்டு. ஷீஷம் கனமானது, வலுவானது, ஆனால் வெளிர்ப் பகுதியில் வண்டு துளைக்கும். மத்தியப் பிரதேசத் தேக்கு, சந்தையில் சி.பி. தேக்கு என்பது, கைக்கு எட்டியது. ஏப்ரல் மே மாதத் தில்லி வெயிலில் மரம் சுருங்கும், கூலர் ஓடும் மாதங்களில் ஈரத்தில் உப்பும். ஆணியும் பசையும் மட்டும் போட்டுச் சேர்த்தால் மூன்றாவது கோடையில் ஆடத் தொடங்கும். கழுந்தும் துளையுமாகப் பொருத்தித் தருவதாக மிஸ்திரி ஒப்புக்கொண்டார். வேலை முடியுமுன் வந்து பார்க்கவும் அனுமதித்தார். துணி போர்த்திய பிறகு உள்ளே இருப்பது தேக்கா, பெட்டி உடைத்த பைன் பலகையா என்பது பகவானுக்குத்தான் வெளிச்சம். துணி போர்த்தாத சோபாவில் அந்தக் கவலை இல்லை. எலும்பு வெளியே தெரிகிறது.

சச்சரவு வீட்டுக்குள்தான். மருமகள் நியாயமாகவே ஒரு யோசனை சொன்னார். எல்லோருக்கும் ஒரே உயரம் எதற்கு? சோபா சாதாரண அளவில் இருக்கட்டும், மாஜிக்கு மட்டும் கைப்பிடியோடு உயரமான ஒரு நாற்காலி செய்துவிடலாம். செலவும் குறையும், மற்றவர்களுக்கும் வசதி. பேத்தி தொலைபேசியில் கைதட்டினாள்.

மாஜி மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது பட்டாணியிலிருந்து கண் எடுக்காமல் சொன்னார்: "ஆஸ்பத்திரியில் போட்டார்களே, அந்த மாதிரி நாற்காலி. வருகிறவர்கள் எல்லாம் முதலில் முழங்காலைப் பற்றித்தான் கேட்பார்கள்."

பேச்சு அதோடு நின்றது. முழு சோபாவும் 18 என்று மருமகளே முடிவு செய்தார். ஆழத்தில் மட்டும் பேரம் நடந்தது. மாஜிக்கு 20 அங்குலம் போதும், அதற்கு மேல் போனால் முதுகு சாயாது. மகனுக்கு மதியத் தூக்கம் சோபாவில்தான், அகலம் குறைந்தால் புரள முடியாது. 21-ல் சமாதானம், மாஜியின் முதுகுக்கு ஒரு தனித் தலையணை. கைப்பிடி இருக்கையிலிருந்து 7 அங்குலம் மேலே, முன் விளிம்பு வரை, நுனியில் உள்ளங்கை பற்றும்படி உருண்டையாக. இரு கைப்பிடிகளுக்கும் நடுவே 72 அங்குலம். மகன் ஐந்தடி ஐந்தங்குலம். படுத்தால் தலையணைக்கும் இடம் மிச்சம்.

துணி விஷயத்தில் பேத்தியின் கடுகு மஞ்சள் தோற்றது. தில்லித் தூசியில் வெளிர் நிறம் ஒரு பருவம் தாங்காது. தால் சிந்தினால் மஞ்சளில் தெரியாது என்று அவள் வாதாடிப் பார்த்தாள், கெட்ட வாதம் அல்ல. ஆனால் மாஜி "பச்சை" என்றார். கேட்டது அதுதான் என்பதால் ஒருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. கெட்டியான பருத்தி, பாட்டில் பச்சை. உறைகளுக்கு ஜிப், கழற்றித் துவைக்கலாம்.

மகனைப் பிடித்து ஆட்டியது வேறொன்று. முதுகுக் கம்புகள் எத்தனை? படத்தில் இருந்தது பத்து. பாபுஜியின் சோபாவில் ஏழு என்று மகன் அடித்துச் சொன்னார். குழந்தைப் பருவத்தில் அந்தக் கம்புகளுக்கு இடையே தலையை நுழைத்து மாட்டிக்கொண்டவர் அவர். மாஜி ஒன்பது என்றார், வாரா வாரம் தூசி துடைத்தவர். மருமகள் கல்யாணமாகி வந்து பதினைந்து வருடம் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குக் கம்பு இருந்ததே நினைவில்லை. டிரங்குப் பெட்டியைக் குடைந்து 1971-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்தார்கள். சோபாவில் பாபுஜி, மடியில் கைக்குழந்தையாகத் தங்கை, பக்கத்தில் அரை டிராயரில் இவர். பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார்கள். எட்டு. பாபுஜியின் தோளுக்குப் பின்னால் ஒன்றோ, இல்லையோ. தோள் மறைக்கிறது.

மிஸ்திரியிடம் மகன் ஒன்பது என்று சொன்னார்.

மார்ச் மாதம் வேலை முடிந்தது. மொத்தம் 58,000 ரூபாய். பட்டறையில் மகன் முன்பக்கத்து ஒரு காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நாலைந்து அங்குலம் போவதற்குள் அடுத்த முன்காலும் தரையை விட்டு எழும்ப வேண்டும், எழும்பாவிட்டால் சட்டம் முறுக்குகிறது என்று பொருள். எழும்பியது. கைப்பிடியில் உட்கார்ந்தும் பார்த்தார். மிஸ்திரி அதை ரசிக்கவில்லை.

இரண்டாவது மாடிக்கு ஏற்றுவது தனி அத்தியாயம். டிடிஏ குடியிருப்புகளின் படிக்கட்டுத் திருப்பங்கள் சோபாவை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. ரெக்ஸின் யானை 1997-ல் பால்கனி வழியாகக் கயிறு கட்டி ஏறியது. இறங்கியதும் அப்படியே, கீழே அதே மாதிரி ஒரு கபாடிவாலா காத்திருந்தார். புதியதற்குத் திருகிக் கழற்றும் கால்கள். மெத்தையும் காலும் தனியே போக, 78 அங்குலச் சட்டத்தை இரண்டு பேர் நிமிர்த்தி, சாய்த்து, திருப்பத்தில் ஒரு முறை சுவரின் சுண்ணாம்பைப் பெயர்த்து, பத்து நிமிடத்தில் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். காலைப் பூட்டி வைத்தபோது லேசாக ஆடியது. மிஸ்திரியின் பையன் மட்டம் பார்த்துவிட்டு, தரைதான் சாய்ந்திருக்கிறது, சோபா நேராகத்தான் இருக்கிறது என்றான். நாற்பது வருடமாகச் சாய்ந்த தரையில் குடியிருந்தது அன்றுதான் தெரிந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையை மடித்து வலது முன்காலுக்குக் கீழே செருகினார்கள்.

மாஜி உடனே வரவில்லை. ஆட்கள் போன பிறகு, கூடத்தைப் பெருக்கிய பிறகு வந்தார். சோபாவுக்கு அடியில் துடைப்பம் தாராளமாகப் போய்வருவதை முதலில் கவனித்தார். கைப்பிடியைத் தடவினார். முதுகுப் பக்கம் போய்க் கம்புகளை விரலால் தொட்டு எண்ணினார். பால்கனி ஓரத்து மூலையில் உட்கார்ந்தார். குதிகால் தரையில் பட்டது. கைப்பிடி நுனிகளைப் பற்றி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். எழுந்தார். மூன்றாவது தடவை மகன் கைகொடுக்கப் போக, அதைத் தட்டிவிட்டார்.

"பாலிஷ் ரொம்பப் பளபளப்பு. அதில் இவ்வளவு இருக்காது" என்றார். பிறகு மருமகளிடம் டீ கேட்டார், இங்கேயே கொண்டுவரச் சொல்லி.

டீ குடித்து, செய்தி பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாள் வந்து புதுச் சோபாவின் விலை விசாரித்துப் போன பிறகு, தனித் தலையணையை முதுகிலிருந்து உருவித் தலைக்கு வைத்துக்கொண்டு மாஜி அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். மணி இரண்டு. சாப்பிட்டு முடித்துக் கைதுடைத்தபடி பத்திரிகையோடு வந்த மகன் சற்று நேரம் நின்றார். 72 அங்குலத்தில் அவருக்கு இடமில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டு உள்ளே கட்டிலுக்குப் போனார்.